பனியில் கழற்றிய சப்பாத்துகள்

முதலில் என்னை ஏமாற்றியது கரண்டிதான். நேப்பாளத்தில் ஓர் உயரமான கணவாய்க்குக் கீழே, கல்லால் கட்டிய தங்குமிடம் ஒன்றில் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனேன். அது கன்னத்தில் முட்டியது. சூப் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுபடியும் முயன்றேன். மறுபடியும் கன்னம்தான்.

இரண்டாவது முறை என் மைத்துனன் குணா சிரிக்கவில்லை. என்னையே உற்றுப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் வேறு ஏதோ பேசத் தொடங்கினான். அந்தப் பயணத்தில் எனக்குத் தெளிவாக நினைவிருக்கும் கடைசிக் காட்சி அதுதான். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பக்கம் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். எழுதுவது அவ்வளவு கடினமாக இல்லை. மலையில் நோய்வாய்ப்பட்டுத் திரும்பியவர்களுக்கும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆறுதல் தேடி வந்தால் இதில் அதிகம் கிடைக்காது.

எங்கள் காவடிக் குழு, தைப்பூசம் நெருங்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறும். கால் உறுதியாக இருக்க வேண்டும் என்பதற்காக. குணா என் மனைவி சரோஜாவின் தம்பி. வெளிநாட்டு மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போவது அவன் தொழில். எங்களைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

“காவடி எடுத்த காலு மச்சான். இமயமலைலாம் சும்மாலா,” என்றான்.

புறப்படுவதற்கு முன் சிலிபினில் ஒரு மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தான். உடுப்பு, உணவு, மருந்து எல்லாவற்றையும் பற்றிச் சொன்னான். நன்றாகவே சொன்னான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

மேலே போகப்போக எனக்குத் தலைவலி வந்தது. குணா மாத்திரை கொடுத்தான். “எல்லாருக்கும் வர்றதுதான். தண்ணி நெறையா குடிங்க,” என்றான். நான் குடித்தேன். குடித்ததை வாந்தி எடுத்தேன். அதன் பிறகுதான் அந்தக் கரண்டி.

மறுநாள் காலையில் நடந்தது எனக்கு நினைவில்லை. குணா தன் கைப்பேசியில் படம் பிடித்து அன்றைக்கே குழுவில் எல்லாருக்கும் அனுப்பிய காணொளியிலிருந்துதான் அதை அறிந்துகொண்டேன்.

காணொளியில் நான் தங்குமிடத்து வாசலில் தள்ளாடுகிறேன். தொப்பியைப் பிடுங்கி எறிகிறேன். தொண்டையிலிருந்து ஏதோ உறுமல் வருகிறது. தலை ஆடுகிறது. எங்கள் குழுவில் உறுமி அடிக்கும் பெருமாள் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, “சாமி வந்துருச்சுலா,” என்கிறார். ஒருவர் நெற்றியில் விபூதி பூசுகிறார். சாமி வந்தவர் காலில் செருப்பு இருக்கக்கூடாது. அது எங்கள் வழக்கம். பெருமாள் அண்ணன் பனியில் முட்டி போட்டு உட்கார்ந்து என் சப்பாத்துகளைக் கழற்றுகிறார். பிறகு காலுறைகளையும். மிகுந்த மரியாதையோடு கழற்றுகிறார். கழற்றியதை ஓரமாக ஜோடி சேர்த்து வைக்கிறார்.

வெறுங்காலோடு பனியில் நிற்கிற என்னைப் பார்த்து ஒருவர் கேட்கிறார்: “சாமி, கணவாயத் தாண்டலாமா?” என் கை மேலே போகிறது. பக்கத்தில் இருந்த கொடிக்கயிற்றைப் பிடிக்கப் பார்க்கிறேன் என்பது கொஞ்சம் கவனித்தால் யாருக்கும் தெரியும். “உத்தரவு கெடச்சிருச்சு,” என்கிறது குணாவின் குரல். “கெளம்புங்க.”

அப்போது இன்னொரு குரலும் கேட்கிறது. எங்களோடு வந்த நேப்பாள வழிகாட்டி தாவாவின் குரல். அவர் முன்பு எங்கள் பேரா மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தவர். மலாய் பேசுவார். “டியா சாக்கிட், போஸ். துருன்,” என்கிறார். அவருக்கு உடம்பு முடியவில்லை, கீழே இறக்குங்கள் என்று பொருள்.

“டியாம்லா,” என்கிறான் குணா. சும்மா இரு. “இது எங்க சாமி விஷயம்.”

காணொளி அங்கே முடிகிறது. மிச்சத்தைப் பெருமாள் அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டு பேர் என் தோளைப் பிடித்து, வெறுங்காலோடு கணவாயை நோக்கி நடத்தியிருக்கிறார்கள். நான் விழுந்தேன், எழவில்லை. தாவா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டார். பெருமாள் அண்ணன் மட்டும் பின்னால் இறங்கினார். என் சப்பாத்துகளை இரண்டு கையிலும் ஏந்தியபடி வந்தாராம். சாமி இன்னும் போகவில்லை என்று நினைத்ததால் அவர் அவற்றை எனக்கு மாட்டிவிடவில்லை.

மற்றவர்கள் குணாவோடு கணவாயைத் தாண்டினார்கள். மேலே கொடியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் கண் விழித்தது காட்மண்டுவில் ஒரு மருத்துவமனை நடைக்கூடத்தில். படுக்கை காலியாகும்வரை சக்கரக் கட்டிலில் வைத்திருந்தார்கள். எனக்கு வந்தது மூளை வீக்கம் (உயரத்தில் காற்று மெலிந்துபோவதால் மூளைக்குள் நீர் கோத்துக்கொள்வது). பிராணவாயுவும் ஸ்டீராய்டு ஊசியும் (வீக்கத்தை வடிக்கும் மருந்து) கொடுத்தார்கள். தலை மெல்லத் தெளிந்தது. கால்களில் கட்டுப் போட்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெருமாள் அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

“நாந்தான்டா கழட்டுனேன்,” என்றார். “இந்தக் கையாலதான்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அவருக்குத் தெரியாது, அவர் கும்பிட்டார். அவ்வளவுதான்.

ஈப்போ மருத்துவமனையில் என்னைப் பார்த்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். கட்டைப் பிரித்துக் காட்டினார். வலது காலின் விரல்கள் எல்லாம் அடுப்புக்கரி போல் இருந்தன. இடது காலில் இரண்டு விரல்கள். பனிக்கடி (குளிரில் ரத்தம் ஓடாமல் தசை செத்துப்போவது) என்றார்.

“எப்பங்க வெட்டுவீங்க?” என்று கேட்டேன்.

“அவசரப்படக் கூடாதுண்ணே. செத்த எடத்துக்கும் உயிருள்ள எடத்துக்கும் நடுவுல கோடு தானா விழும். அது தெளிவா தெரியுற வரைக்கும் காத்திருக்கணும்.”

இதை அனுபவிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும்விடக் கொடியது. செத்துப்போன ஒன்றை உடம்போடு வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சோறு சாப்பிட வேண்டும். கோடு இன்று கொஞ்சம் கீழே இறங்கியதா என்று ஒவ்வொரு காலையும் பார்ப்பீர்கள். பார்க்காமல் இருக்க முடியாது.

ஒருநாள் கட்டு மாற்றும்போது டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். “மேல உங்களுக்குத் தடுமாற்றம் வந்தப்ப, யாரும் உங்கள கோட்டுல நடக்கச் சொல்லலயா?”

என்ன கோடு என்று கேட்டேன். தரையில் ஒரு நேர்க்கோடு, ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலில் ஒட்டி வைத்து அதன் மேல் நடக்க வேண்டும், நடக்க முடியாவிட்டால் அது மூளை வீக்கம், உடனே கீழே இறங்க வேண்டும் என்றார். “மலைக்குக் கூட்டிட்டுப் போறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சோதனைதான் இது.”

எனக்குக் கால் மறந்துபோயிற்று. சிலிபின் மண்டபம் நினைவுக்கு வந்தது. விளக்கக் கூட்டத்தில் குணா எங்களை வரிசையாக அப்படித்தான் நடக்க வைத்தான். “மேல போதை ஏறுனா இப்புடித்தான் கண்டுபுடிக்கணும்,” என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். அவனுக்குத் தெரியும். சூப் கரண்டியைப் பார்த்த அந்தப் பார்வைக்கு அன்றைக்கு எனக்குப் பொருள் கிடைத்தது.

குணா ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தான். காணொளியைச் சுருக்கி விளம்பரமாகப் போட்டிருப்பதாகச் சொன்னான். அதில் நான் ஆடுகிறேன், விபூதி, பனி, வெறுங்கால், உத்தரவு. தாவாவின் குரல் இல்லை.

“ஜனங்க ஒங்களப் பாக்கணும்ங்குறாங்க மச்சான். அடுத்த குரூப்புக்கு வந்து நாலு வார்த்த சொல்லுங்களேன். கைலாசநாதனே வந்து எறங்குன ஆளு நீங்க.”

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அவன் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. போகும்போது என் தோளைத் தட்டினான்.

கோடு விழுந்தது. விரல்களை எடுத்தார்கள். வலது காலின் முன்பக்கம் இப்போது மழுங்கிய கட்டை மாதிரி இருக்கிறது.

பிறகு நடைப்பயிற்சி. மருத்துவமனை நடைக்கூடத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றேன். பெருவிரல் இல்லாமல் உடம்பை முன்னால் தள்ள முடியாது. இது வெட்டுப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கட்டில்காரர்களும் உறவினர்களும் ஒரே புத்தியைச் சொன்னார்கள்: மன்னித்துவிடு, மனசு ஆறினால்தான் புண் ஆறும். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் எனக்கு அப்படி நடக்கவில்லை. ஒவ்வோர் அடியிலும் குணாவின் முகத்தை நினைத்தேன். அந்த மண்டபத்தின் வாசலிலிருந்து மேடைவரை யாரையும் பிடிக்காமல் நடந்து போக வேண்டும். அதற்காகத்தான் நடந்தேன். பயிற்சி கொடுத்தவர் என் முன்னேற்றத்தைப் பாராட்டினார். எது தூண்டுகிறது என்று அவர் கேட்கவில்லை.

என் எண்ணத்தைச் சரோஜாவிடம் மட்டும் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

“அவன் என் தம்பிங்க.”

“தெரியும்.”

“அவனக் கெடுத்தா ஒங்க வெரலு மொளைக்குமா?”

“மொளைக்காது.”

கூட்டத்து நாளில் அவள்தான் காரை ஓட்டினாள். உள்ளே வரவில்லை. காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. குணா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். விளம்பரக் காணொளியை ஓடவிட்டு, “இவருதான்” என்று கை காட்டினான். சிலர் கும்பிட்டார்கள். நான் எழுந்து நடந்தேன். யாரையும் பிடிக்கவில்லை. உள்ளங்கை வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

“முழுசா போடு குணா,” என்றேன்.

“இதான் மச்சான் முழுசு.”

“என்கிட்ட இருக்கு,” என்று பின்வரிசையிலிருந்து பெருமாள் அண்ணன் எழுந்து வந்தார். தன் கைப்பேசியை ஒலிவாங்கியில் ஒட்டிப் பிடித்தார். மண்டபம் முழுக்கத் தாவாவின் குரல் கேட்டது. டியா சாக்கிட், போஸ். துருன். அங்கே அதற்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அடுத்துக் குணாவின் குரல்.

“குடும்ப விஷயத்த இங்க பேச வேணாம்லா மச்சான்,” என்றான் குணா.

நான் நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். தரையோடுகள் சேரும் கோட்டின் மேல் குதியும் கட்டையுமாக வைத்து நடந்து காட்டினேன். கொஞ்ச தூரத்திலேயே சாய்ந்தேன். பெருமாள் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு இப்ப வெரலு இல்ல, அதான் சாயுறேன்,” என்றேன். “வெரலு இருக்குற ஆளு மேல இப்புடிச் சாஞ்சா, அது சாமி இல்ல. எந்தச் சாமி வந்தாலும் மொதல்ல கோட்டுல நடக்கச் சொல்லுங்க. நடக்க முடியலன்னா எறக்கிருங்க. இது எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே இவன்தான். இதே மண்டபத்துல.”

முன்வரிசையில் ஓர் அக்கா எழுந்தார். “தெரிஞ்சுமா தம்பி எறக்கல?”

குணா என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். “ஒருத்தருக்காக எல்லாரும் திரும்பணுமாக்கா?” என்றான்.

அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். நாற்காலிகள் நகரும் சத்தம் பின்னாலிருந்து ஆரம்பித்தது. அந்த அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். நான் சப்பாத்தை மாட்டிக்கொள்ளாமல், எல்லாரும் போகும்வரை அங்கேயே உட்கார்ந்து குணாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரையைச் சுருட்டினான். எனக்கு அது இனித்தது. இதைப் படிக்கிற உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, மிகவும் இனித்தது.

குணா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தீபாவளிக்குச் சரோஜா ஒரு தட்டில் பலகாரம் எடுத்து வைத்து, பிறகு தானே அதை மூடி உள்ளே வைத்தாள். என்னோடு பேசுகிறாள். அவன் பெயரை மட்டும் எடுப்பதில்லை. இந்தத் தண்டனை எனக்கும்தான். ஏற்றுக்கொள்கிறேன்.

ஈப்போ வெயிலில் தார் இளகும் மத்தியானங்களில், வலது காலில் இல்லாத விரல்கள் குளிர்கின்றன. மாயவலி (எடுத்துவிட்ட உறுப்பில் தோன்றும் வலி) என்று பெயர் சொன்னார் டாக்டர். குறையுமா என்று கேட்டேன். சிலருக்குக் குறையும் என்றார். அந்தக் குளிர் தொடங்கினால் அது எந்த மாதம், எந்த ஊர் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் தெரியாது.

முன்பெல்லாம் எங்கேயும் கடைசி நேரத்தில் போய்ச் சேருகிறவன் நான். இப்போது தெருமுனைக் கடைக்குக்கூட நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. படியா, சரிவா, ஈரத் தரையா என்று கால் முன்கூட்டியே கேட்கிறது. எல்லா இடத்துக்கும் மற்றவர்களுக்கு முன்பே போய்விடுகிறேன்.

குணா தெலுக் இந்தானில் புதிய குழு சேர்க்கிறான் என்று கேள்விப்பட்டேன். அங்கே அவனையும் என்னையும் யாருக்கும் தெரியாது. சரோஜா இந்த முறை கார் ஓட்ட மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் விடியலில் கிளம்பி, பேருந்து நிலையம்வரை என் வேகத்தில் நடந்து, முதல் பேருந்தைப் பிடிப்பேன். அவன் வந்து மண்டபக் கதவைத் திறக்கும்போது, வாசலில் காத்துக்கொண்டு நிற்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.