கடைசல் மெஷினின் ஆட்டம்

சோமனூரில் எங்களுக்கு ஒரு கடைசல் பட்டறை இருந்தது. விசைத்தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கிற தார்க்குச்சிகளை என் வீட்டுக்காரர் மரத்தில் கடைந்து கொடுப்பார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். அறுபதுகளின் கடைசியில் ஒரு சமயம் குச்சிகள் கோணிக்கொண்டு வர ஆரம்பித்தன. நூல் அறுகிறது என்று தறிக்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் ஒருவர் போகிற போக்கில் என் வீட்டுக்காரர் காதுபட, "மாமனுக்குக் கை நடுங்குதாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாக்கில் நரம்பில்லாத மனுஷன்.

என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் கை ஓயாமல் நடுங்கும். நான்தான் சோறு ஊட்டினேன். அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் இவர். தறிக்காரர் அப்படிச் சொன்ன நாள் முதல் டம்ளரைத் தூக்கினால் காப்பியைக் குடிக்க மாட்டார், அது தளும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கடைசல் போனால் தானும் போனதாகத்தான் அவருக்குக் கணக்கு.

"கை இல்லீங்க, மெஷினுங்க" என்றேன். மெஷினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பழியை அதன் தலையில் போட்டால் போதும் என்றிருந்தது. பெல்ட்டின் தையல் தடித்துப்போய்த் தட்டுகிறது என்று பெல்ட்டை மாற்றினோம். கட்டையைத் தாங்குகிற முனை மழுங்கிவிட்டது என்று அதைத் தீட்டினோம். உளி வைக்கிற தாங்கியில் பள்ளம் விழுந்திருந்தது. அரம் போட்டுச் சமன் செய்தோம். ஒவ்வொரு தடவையும் இதோடு தீர்ந்தது என்று நினைப்பேன். குச்சி அது பாட்டுக்குக் கோணிக்கொண்டு வரும்.

"உட்ரு புள்ள. மெஷின் நல்லாத்தான் இருக்குது" என்று உளியை வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு பாயை வரவழைத்தேன். பனியன் கம்பெனி மெஷின்களைப் பிரித்துப் பூட்டுகிற ஃபிட்டர். அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சுழலும் தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தார். லொடலொடவென்றது.

"தண்டைத் தாங்குற புஷ் தேஞ்சு போச்சுங்கக்கா. உள்ள எண்ணெயே போகலீங்க."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் விளக்கேற்றியதும் இவர் எண்ணெய் விடாமல் மெஷினைத் தொட மாட்டார். பாய் எண்ணெய்த் துளையைக் காட்டினார். அதற்குள் சந்தனம். மெஷினுக்கு நெற்றி மாதிரி வாகாக இருந்த இடம் அதுதான் என்று ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அங்கேதான் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைப்பார். வருஷக்கணக்கில் அது இறுகிக் கல்லாகியிருந்தது. விட்ட எண்ணெயெல்லாம் வெளியிலேயே வழிந்திருக்கிறது.

"சாமிக்கு வெச்சதுங்க. நீங்களே எடுத்துருங்க" என்று பாய் கம்பியை என்னிடம் நீட்டினார். முருகா, பக்தியாக வைத்ததற்கு நீ செய்கிற காரியமா இது என்று திட்டிக்கொண்டே குடைந்தெடுத்தேன்.

பாய் புதுப் புஷ் போட்டு மெஷினை ஓட்டினார். கையை வைத்துப் பார்த்தேன், அதிர்வே இல்லை. வீட்டுக்குள் ஓடினேன்.

"கை இல்லீங்க, புஷ்ஷுங்க! வந்து பாருங்க!"

"மெய்யாலுமா?" என்று எழுந்து வந்தார். அத்தனை நாள் கழித்து அப்போதுதான் அவர் முகம் தெளிந்திருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உளியைத் தாங்கியில் வைத்தார்.

கட்டை நேராகச் சுற்றியது. உளி மட்டும் தாங்கியில் டக்டக்கென்று தட்டியது. பாயும் பார்த்தார், நானும் பார்த்தேன். பயத்தில் வந்த நடுக்கமா, மாமனாருக்கு வந்த அதே நடுக்கமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் தன் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏம்புள்ள, இன்னும் ஆட்டம் இருக்குதா?"

"இருக்குதுங்க. புதுப் புஷ்ஷு சரியா உக்காரலீங்களாட்ட" என்றேன்.

பாய் ஸ்பேனரை எடுத்து, சற்று முன் இறுக்கிய போல்ட்டுகளை மறுபடியும் கழற்ற ஆரம்பித்தார்.