பதினொன்றரைக்கு அடித்த கோயில் மணி

ஆவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வீட்டு மாடியிலிருந்தே திருச்சி கம்பெனிக்கு வேலை பார்ப்பவன் லியோன். மோட்டார்களை இயக்கும் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் ஓடும் லினக்ஸ் மென்பொருளைத் தயாரிப்பது அவன் வேலை. "டிவி பொட்டி ரிப்பேரா?" என்று கேட்கிறவர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறான்.

தன் திறமையை ஊர் ஒருநாளாவது பார்க்கட்டும் என்று, மூவேளை செபத்துக்கு மாதா கோயில் மணியைத் தானாக அடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தான். காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் இன்னாசிமுத்து இனிக் கயிற்றை இழுக்க வேண்டியதில்லை.

பெட்டியின் மென்பொருளைக் கணினி ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கட்டும். நாம் மாற்றிய கோப்புகளை 'ஓவர்லே' என்ற தனி ஃபோல்டரில் வைத்தால், எத்தனை முறை கட்டினாலும் அவை கடைசியில் மேலே வந்து உட்காரும். கட்டி முடித்ததற்குள் நேராகக் கைவைத்தால், அடுத்த தடவை அந்த மாற்றம் காணாமல் போகும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதை ஸ்லைடு போட்டுப் பாடம் எடுப்பவனே லியோன்தான். இருந்தும், இந்திய நேரத்தைச் சொல்லும் கோப்பை அவசரத்தில் கட்டி முடித்த இடத்திலேயே போட்டான். சோதித்தான், சரியாக அடித்தது.

திங்கட்கிழமை காலை உபதேசியார் கேட்டார்: "தம்பி, அடிக்கு அடி கொஞ்சம் எடைவெளி விடலாமுல்ல?"

"அதுக்கென்னங்க" என்று இடைவெளியைக் கூட்டி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டினான். இந்திய நேரமும் அதோடு துடைபட்டது. பெட்டி கிரீன்விச் நேரத்துக்குப் போய்விட்டது. அங்கே காலை ஆறென்றால் இங்கே பதினொன்றரை.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. ஒவ்வொரு அடியாக, நிறுத்தி நிதானமாக. அகால வேளையில் அப்படி அடித்தால் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

லியோன் கீழே ஓடி வருவதற்குள் தெருவில் ஆள் கூடிவிட்டது.

"யாரு போய்ட்டாக?"

"சந்தனராஜ் தாத்தாவாத்தான் இருக்கும். ரெண்டு நாளா கஞ்சிகூட எறங்கலயாம்."

அவன் வாயைத் திறக்குமுன் மாலை வாங்க ஒரு பைக் பறந்தது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே நடந்தார்கள். "மணி தப்பா அடிச்சிருச்சுங்க" என்று அவன் பின்னால் கத்திக்கொண்டே ஓடியதை யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர்களிடம் மென்பொருள் பேசினால் யார் கேட்பார்கள்?

சந்தனராஜ் கட்டிலில் சாய்ந்து இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒலித்த ஒப்பாரியைக் கேட்டுக் கை அப்படியே நின்றது. கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"எனக்கா?"

லியோன்தான் முன்னால் வந்தான்.

"தாத்தா, மன்னிச்சுக்கங்க. பொட்டியில நேரம் தப்பிப்போச்சு."

"அப்ப எனக்கு நேரம் வரல, ஒம் பொட்டிக்குத்தான் வந்துருக்கு" என்றார் அவர். "மாலைய மாதா படத்துக்குப் போடுங்க." மருமகளிடம் திரும்பி, "ஆத்தா, இன்னும் ரெண்டு இட்லி வையி."

அன்று பிற்பகலே கோப்பு ஓவர்லே ஃபோல்டருக்குப் போனது. மனைவி ஜெனிஷா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "பாடம் எடுக்குற அந்த ஸ்லைட எனக்குக் காட்டுங்களேன், பாப்போம்."

மணி இப்போது பிசகாமல் அடிக்கிறது. ஊரார் அதைக் கேட்டதும் சிலுவை போடுவதற்கு முன்னால் செல்போனில் ஒருமுறை மணி பார்த்துக்கொள்கிறார்கள்.