சிறுத்தை புகுந்த ட்ரம்

பேரணாம்பட்டு மெர்சி அளவுக்குப் பீ தேடி அலைந்த மனுஷி இந்தப் பூமியில் பிறந்திருக்கமாட்டாள். எல்லாம் சிறுத்தைப் பீ. மலை மலையாகப் பொறுக்கி, கழுவி, உள்ளே கிடக்கும் முடியை லென்ஸில் பார்ப்பாள். சிறுத்தை எதைத் தின்றது என்று அந்த முடியில் தெரிந்துவிடும். அதற்குத்தான் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். தோல் பதனிடும் டேனரியில் ட்ரம் ஓட்டும் அப்பா இருதயராஜிடம், "பொண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரி?" என்று யாராவது கேட்டால், "காட்டுல சார். பேஷண்ட்டே கடிக்கும்" என்பார்.

அவள் கண்டுபிடித்தது இதுதான். தோலிலிருந்து சுரண்டிய ஜவ்வை டேனரிக்காரர்கள் குப்பைமேட்டில் கொட்டுகிறார்கள். அதைத் தின்று நாய்கள் எருமை சைஸுக்குக் கொழுக்கின்றன. அந்த நாய்களுக்காகச் சிறுத்தை மலையிறங்குகிறது. இதை அவள் கட்டுரையாக எழுத, வாயில் நுழையாத பெயருள்ள நாடுகளில் எல்லாம் படித்தார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் படிக்கவில்லை. ஜவ்வு கொட்டுவதும் நிற்கவில்லை.

போன வருஷம் ஒரு காலையில், நாயைத் துரத்திய பெண் சிறுத்தை ஒன்று டேனரிக்குள்ளேயே புகுந்தது. குட்டியாக இருந்த நாளிலிருந்து மெர்சி தன் கேமராவில் பார்த்துவந்த சிறுத்தை அது. ஆட்கள் அலறியதில் மிரண்டு, பரத் என்கிற பையன் மேல் பாய்ந்து, அவன் தலைத்தோலை நெற்றியிலிருந்து பிடரி வரை உரித்தது. பிறகு தோலைப் போட்டுக் கரண்டில் சுற்றும், வீடு மாதிரி நிற்கும் காலி மர ட்ரம்முக்குள் ஓடி ஒளிந்தது. பரத்தின் அண்ணன் பரந்தாமன் ட்ரம் கதவை அறைந்து சாத்தித் தாழ் போட்டான்.

பாதி தமிழ்நாடு தடியோடு அங்கே திரண்டுவிட்டது. மெர்சி மூச்சிறைக்க ஓடிவந்தாள்.

"வேலூர்லருந்து மயக்க ஊசி வருதுண்ணா. அதுவரைக்கும் எல்லாரும் வெளிய போங்க. அது இனிமே ஒண்ணும் பண்ணாது."

"பண்ணாதா? எந்தம்பி மண்டையப் போய்ப் பாரு. தோலு இருந்தா வந்து சொல்லு!"

"சுச்சப் போடுறா பரந்தாமா! துணி தொவைக்கிற மாதிரி தொவைச்சு எடு!" என்று கூட்டம் கத்தியது.

மெர்சி சுவிட்ச் பெட்டியை மறைத்து நின்றாள். ஒருவன் அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் அடித்தான். இன்னொருவன் ஓங்கிய தடியில் அவள் இடது கை முறிந்தது. பரந்தாமன் சுவிட்சைப் போட்டான்.

ட்ரம் சுற்றியது. உள்ளே தோலைப் புரட்டுவதற்கு மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் உறுமல். அப்புறம் அலறல். அப்புறம், ஈரத்தோல் மூட்டை விழுந்து விழுந்து எழும் சத்தம். விசிலடித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. கதவைத் திறந்தபோது சிறுத்தையின் உடம்பில் முழு எலும்பென்று ஒன்றுமில்லை.

சிறுத்தையைக் கொன்ற கேஸில் உள்ளே போய் ஜாமீனில் வந்த பரந்தாமனைத் தேடி, மாவுக்கட்டோடு மெர்சி போனாள்.

"இன்னா டாக்டரம்மா, இன்னொரு கேஸ்ல மாட்டிவுடப்போறியா?"

"கேஸை போலீஸ் பாத்துக்கும்ணா. சுச்சு போட்டப்ப உன் மனசுல இன்னா ஓடுச்சு, அதச் சொல்லு. எழுதணும்."

"சிறுத்தைப் பீயக் கெளறி முடிச்சுட்டு, என் மண்டையக் கெளற வந்துட்டியா?"

"ஆமாண்ணா. நாத்தம் ரெண்டுலயும் ஒண்ணுதான்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "போட வேணாம்னுதான் இருந்துச்சும்மா. பின்னாடி அவ்ளோ பேர் கத்துறப்ப சுச்சுலருந்து கைய எப்புடி எறக்குறது?"

"எது இருந்தா போடாம நின்னிருப்ப?"

"கரண்டு இல்லன்னா நின்னிருப்பேன். வேற இன்னா!"

அன்றைக்குக் கத்தியவர்கள் வீடு வீடாகப் போனாள். கையை உடைத்தவன் வீட்டில் டீயும் குடித்தாள். ஊருக்குள் சிறுத்தை வந்தால் கடிப்பது கூட்டம்தான் என்று எழுதினாள். இப்போது வனக்காவலர்களுக்கு அதைத்தான் பாடமாக நடத்துகிறார்கள். முதலில் கரண்டு மெயினைப் பிடுங்கு, அடுத்து கூட்டத்தைத் தள்ளு, சிறுத்தை கடைசி.

இந்த வருஷம் ஆம்பூர் பக்கம் ஒரு குடோனில் சிறுத்தை புகுந்தது. காவலர்கள் கரண்டை நிறுத்திக் கூட்டத்தைத் தள்ளினார்கள். கல்மழை. ஒரு காவலருக்கு மண்டை பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். ஆனாலும் காவலர் யாரும் கூட்டத்துக்கு வழிவிடவில்லை. பொழுது சாயும்போது சிறுத்தை பின்கதவு வழியாக மலையைப் பார்த்து நடந்தது.

அங்கே வந்திருந்த மெர்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லோடு நின்ற ஒருவன் முன்னால் போய் நின்று, "நீ ஏன்ணா மொத கல்ல எடுத்த? ஒக்காரு, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.