ஊதாவுக்கு அப்பால்

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைப் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலி மருந்து பாட்டில்களில் கிருமி நீக்கும் அறையில் வேலை. மற்றவர்கள் ஒரு தட்டு அடுக்குவதற்குள் அவள் இரண்டு அடுக்கிவிட்டு, 'இன்னும் தூக்கம் கலையலையா?' என்று வம்புக்கு இழுப்பாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அங்கே மேற்பார்வையாளனாக இருந்த அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அங்கே பாட்டில்கள் மேல் நீல விளக்குகள் எரியும்; கதவைத் திறந்தால் அவை தாமாக அணைந்துவிடும். ஒருநாள் அவசரம் என்று விளக்குகள் அணையாதபடி கதவின் சுவிட்சை டேப் போட்டு ஒட்டிவிட்டான் அண்ணன். விளக்குகள் எரிய எரியவே அவள் உள்ளே போய்வந்தாள்.

"வெறும் நீல வெளிச்சம்தான், ஒண்ணும் பண்ணாது" என்றான். அண்ணன் பேச்சுக்கு அவளிடம் மறுபேச்சு கிடையாது.

சாயங்காலம் கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல் இருந்தது. இமையைத் திறக்கவே முடியவில்லை. கணவன் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனான்.

"அந்த நீலம் உங்களை ஒண்ணும் பண்ணலைம்மா" என்றார் டாக்டர். "சிவப்புலேர்ந்து ஊதா வரைக்கும் நாம பார்க்கிறது ஒரு சின்னக் கீற்றுதான். ரேடியோ அலை, எக்ஸ்ரே எல்லாம் அதே குடும்பம், நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது. ஊதாவைத் தாண்டினதும் வர்றது புற ஊதா. அதுதான் கிருமியைக் கொல்லுது. உங்க கருவிழியைச் சுட்டதும் அதுதான். கண்ணாடி போட்டுக்கணும்னு யாரும் சொல்லலையா?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அன்று அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அண்ணன் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டான். கேட்டதற்குத் 'தூசி' என்றிருந்தான்.

கண் சரியானதும் நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான்: "தெரியும். வேற யாரையாவது அனுப்பினா ஆயிரம் கேள்வி கேட்பாங்க. நீ கேட்க மாட்டே."

அவள் போய் அந்த டேப்பைப் பிய்த்து எறிந்தாள். கதவைத் திறந்து விளக்குகள் அணைவதைப் பார்த்தாள். பிறகு மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, வேலையை விட்டு வந்துவிட்டாள்.

இப்போது வேறொரு இடத்தில் துணி மடிக்கிறாள். கை வேகம் குறையவில்லை. அண்ணன் போன் செய்தால் எடுப்பாள், அம்மாவின் உடம்பைப் பற்றி மட்டும் பேசுவாள். 'அண்ணா' என்ற சொல் மட்டும் அவள் வாயில் வருவதில்லை.