பஸ் டிக்கெட் செருகிய பக்கம்

1979, ஆடி, சனிக்கிழமை. மாலை ஐந்தேகாலுக்குப் பாலக்கரையில் சூசையின் சைக்கிள் கடைக்கு வந்து சேர்கிறேன். சனிக்கிழமைதோறும் நண்பர்கள் மூவர் இங்கே கூடி, ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்துவிட்டு வாதாடுவார்கள் என்று சூசை சில மாதங்களுக்கு முன் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். இன்று இருவர்தான் இருக்கிறார்கள்: சூசையும், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஆசிரியர் ரங்கராஜனும். பெஞ்சின் மேல் ஒரு பழைய நாவல் கிடக்கிறது.

அது நான் இருமுறை படித்த நாவல். உற்சாகத்தில், "கடைசியில அவ புருஷன்கிட்டயே திரும்பிப் போனது சரிதானா?" என்று கேட்டுவிடுகிறேன்.

சூசை நாவலைத் திறந்து காட்டுகிறார். பாதி தாண்டிய ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது.

"எல்லாரும் முடிக்கிற வரைக்கும் முடிவைப் பத்திப் பேசக் கூடாதுங்க, அதான் எங்க வழக்கம். எங்க மூணாவது ஆளு அந்தோணி இதுவரைக்கும்தான் படிச்சிருக்கான்."

"எப்ப முடிப்பாரு?"

"போன மாசம் அடக்கம் பண்ணிட்டோம்."

நான் மன்னிப்புக் கேட்கிறேன். ரங்கராஜன் பையிலிருந்து ஒரு நாடகப் புத்தகத்தை எடுக்கிறார்.

"இதைப் பேசுவோம் ஓய். இதை அவன் முழுக்க வாசிச்சுட்டான்."

"குப்பைன்னான்."

"அப்போ அவன் கட்சியை நீர் பேசும்."

சூசை டிக்கெட் நழுவாமல் நாவலை மூடிவைத்துவிட்டு, தனக்குப் பிடித்த அந்த நாடகத்தைத் திட்டத் தொடங்குகிறார்.