அக்கா வளர்த்த டேலியா

வேகவைத்த டேலியாக் கிழங்கின் ருசி தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே எங்கள் குடும்பத்தார் மட்டும்தான் என்று நினைக்கிறேன். இனிப்பும் இல்லாமல் மாவும் இல்லாமல், நனைந்த சணலை மெல்லுவதைப் போல நாரும் நீருமாக வாயில் நின்ற அந்தக் கிழங்கை முதலில் அப்பா துப்பினார், பிறகு அம்மா துப்பினாள், எனக்கு மட்டும் உப்பைத் தொட்டுக்கொண்டு இன்னொரு துண்டைத் தின்று பார்க்கும் பிடிவாதம் இருந்தது. அது பூச்செடியின் கிழங்கென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் கிழங்கென்று ஒன்று வந்தால் அது நேராக அடுப்புக்குத்தான் போகும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊரான உறுவையாற்றிலிருந்து அப்பா மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு பாண்டிக்குப் போய், வீட்டைக் காலி செய்கிற துரைமார்களின் மரப்பெட்டிகளைக் கப்பலேற்றுமிடத்தில் சேர்த்துவிட்டு வருவார். தை மாதத்தில் ஒரு நாள், கப்பலுக்கு எடுத்துப்போக முடியாமல் ஒரு "தொரசாணி" ஒரு கூடைக் கிழங்கை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனாளாம். போகும்போது அவள் பாஷையில் ஏதோ சொல்லி, விரல்களைக் குவித்து மெல்ல விரித்து, மறுபடி குவித்து விரித்துக் காட்டினாளாம். "இம்மாம் பெருசா வெளையும்னு சொல்றான்னு நெனச்சிக்கினேன்" என்று அப்பா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்க முடிந்தவரைக்கும் சிரித்தார்.

வாயில் வைக்க விளங்காத மிச்சக் கிழங்கை அம்மா கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டாள். மாசியில் காலம் தப்பிப் பெய்த ஒரு மழைக்கு அதில் ஒன்றிரண்டு கண் விட்டிருந்ததைப் பார்த்து எடுத்தவள் என் அக்கா.

அக்காவின் பெயர் கமலா. மடுகரையில் கரும்பு போடுகிற குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் வருஷமே மாமாவைக் கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்துவிட்டது. பத்தொன்பது வயதில் அவள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டில்லை, கையில் வளையலில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளே நட்டுப் பந்தலில் ஏற்றிவிட்ட முல்லைக்கொடி கொல்லையில் இருந்தது. அதன் அரும்பைக்கூட அவள் இனிமேல் கிள்ளக் கூடாது. அவள் கிள்ளினால் அந்தப் பூ மற்றவர்கள் தலைக்கு ஆகாதாம். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் சொல்லாமலே உள்ளே போய்விடுவாள். அவளை யாரும் கொடுமைப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் மிகவும் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்பை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கிழங்கை அவள் குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓடி வருகிற கால்வாய் ஓரமாக நட்டாள். அது பூக்குமென்று யாருக்கும் தெரியாததால் யாரும் தடுக்கவில்லை. ஏதோ கீரையோ கிழங்கோ, பொழுது போக வேண்டுமே பாவம் என்று விட்டுவிட்டார்கள். மறுபடி ஒன்றைத் தொட்டு வளர்க்கிற உரிமை அவளுக்கு அப்படித்தான், ஊராருடைய அறியாமையால் கிடைத்தது.

அந்த வருஷத்துக் கோடை பங்குனியிலேயே ஆரம்பித்துவிட்டது. எங்கள் கிணற்றில் வாளி போய்ச் சேற்றில் குத்தியது. ஆற்றில் தண்ணீர் இல்லாமல், பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றெடுத்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினார்கள். மற்றவர்கள் காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போவார்கள்; யாருக்கும் எதிரில் வந்துவிடக் கூடாதென்று அக்கா மட்டும் உச்சி வெயிலில் போவாள். துணைக்கு என்னையும் அழைத்துப்போவாள். கால் கொதித்தால் முந்தானையைக் கீழே போட்டு என்னை அதில் நிற்க வைத்துவிட்டுத் தோண்டுவாள். அந்தத் தண்ணீரில் அரிசி கழுவியது, பாத்திரம் அலம்பியது, நாங்கள் முகம் கழுவியது எல்லாம் ஒரு பழைய பானையில் சேர்ந்து செடிக்குப் போகும். தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டி, தூரைச் சுற்றிக் காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பி, மதியம் கீற்றை மேற்குப் பக்கம் நகர்த்துவதும் மாலையில் எடுத்துவிடுவதுமாக அவள் அந்தச் செடியோடு பேசாத குறையாக இருந்தாள். பேசியும் இருப்பாள். நான் கேட்டதில்லை.

சித்திரையில் அது பூத்தது. வீட்டில் கோழிக்குக்கூடத் தண்ணீர் அளந்து வைத்துக்கொண்டிருந்த நாளில், உள்ளங்கை அகலத்துக்கு, அடுக்கடுக்காக, கருஞ்சிவப்பாக ஒரு பூ. அப்பா வந்து பார்த்தார். தம் விரல்களைக் குவித்து, மெல்ல விரித்தார். "அடடே, இதத்தான் காட்டினாளா அந்தம்மா!" என்றார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வில்லியனூர் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர்தான் அதற்கு "டேலியா" என்று பெயர் சொன்னார். மோந்து பார்த்த பெண்களுக்கெல்லாம் ஏமாற்றம். "வாசனையே காணமே, இன்னா பூவு இது?" என்றார்கள். "சாமிக்கும் ஆவாது, தலைக்கும் ஆவாது, சும்மா கண்ணுக்குத்தான்" என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

அப்படிச் சொன்னதில் அக்காவுக்கு ஒரு கதவு திறந்தது. சாமிக்கும் தலைக்கும் ஆகாத பூவை யார் தொட்டால் என்ன? அவள் அதன் இதழைத் தடவுவாள், காம்பை ஒடிக்காமல் வளைத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். அவள் சிரித்ததை அந்தக் கோடையில்தான் மறுபடியும் பார்த்தேன். செடியில் மொட்டு மேல் மொட்டாக வந்தது.

வைகாசியில் எங்கள் ஊர் அம்மனுக்குத் தீமிதி. மல்லிகைத் தோட்டமெல்லாம் காய்ந்து கிடந்ததால் அம்மனுக்குச் சாத்தப் பூ கிடைக்கவில்லை. திருவிழாவை முன்னின்று நடத்திய பெரியப்பா, அப்பாவின் அண்ணன், காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஊரே காஞ்சி கெடக்குது, ஒங்க வூட்டுல மட்டும் செவசெவன்னு பூத்துக் கெடக்குதே. அம்மனுக்குக் குடுங்கப்பா."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தான் உச்சி வெயிலில் மணல் தோண்டி வளர்த்தது அம்மன் கழுத்துக்குப் போகிறது என்று அவள் ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு செடியிடம் வந்துவிட்டாள்.

"நீ எட்ட நில்லும்மா" என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை. மகளிடம் சொல்வதைப் போலத்தான் சொன்னார். "அம்மனுக்குப் போற பூவு. ஒங்கம்மா பறிக்கட்டும்."

அக்கா அரிவாளைத் தரையில் வைத்தாள். பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரோடு போய் நின்றாள். அம்மா எல்லாப் பூவையும் அறுத்துத் தட்டில் வைத்தாள். அக்கா நின்ற பக்கம் பார்க்காமல் அவசர அவசரமாக அறுத்ததில் மொட்டுகளும் சேர்ந்து போயின. அன்று இரண்டு தெருப் பெண்களும் அம்மனின் அலங்காரத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள் என்று கேள்வி. அக்கா கோவிலுக்கு வரவில்லை. நானும் போகவில்லை.

அன்றோடு அது பூவாகிவிட்டது. சாமி தலையில் ஏறியதை மனிதர்கள் தலையில் வைத்துக்கொள்ளக் கேட்டார்கள், கல்யாண வீட்டுக்குக் கேட்டார்கள். "இனிமே செடிகிட்டப் போவாதடி கமலா, ஊரு பேசும்" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மறுநாளிலிருந்து உச்சி வெயிலில் ஆற்றுக்குப் போகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்.

கத்திரி கழிந்தும் தணியாத வெயிலில் செடி இலை காய்ந்து, தண்டு பழுத்துச் சாய்ந்தது. நெல்லும் கரும்பும் அறிந்தவர்களுக்குக் காய்கிற பயிருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். அம்மா தண்ணீர் ஊற்றினாள். மேலும் காய்ந்தது, மேலும் ஊற்றினாள். தான் குளிக்காமல் அந்தத் தண்ணீரையும் ஊற்றினாள். அடுப்படி வாசலில் நின்றபடி அக்கா கெஞ்சினாள்: "ஊத்தாதம்மா. கூடையில வந்தப்ப அதுக்கு எலையா இருந்துச்சி? காஞ்ச கெழங்காத்தான வந்துச்சி. அது தூங்குது, உட்டுடும்மா."

அம்மா கேட்கவில்லை. அவளால் கேட்க முடியாது. பெண்ணின் கையிலிருந்து பிடுங்கியதைத் தன் கையில் சாகவிட்டோம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயம். குதிகால் வெடித்து ரத்தம் கசியக் கசியக் குடம் சுமந்தாள். ஊரெல்லாம் தண்ணீர் இல்லாமல் செத்த அந்தக் கோடையில் எங்கள் வீட்டு டேலியா தண்ணீரால் செத்தது.

ஆடி மழைக்கும் அது கண் விடாததைப் பார்த்து அப்பா மண்வெட்டியால் தோண்டினார். நாற்றம் முதலில் வந்தது. பிறகு கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஒழுகுகிற கூழாகக் கிழங்குகள் வந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்து, "நானே கொன்னுட்டேனே" என்று மார்பில் அறைந்துகொண்டாள்.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சந்தேகம் கேட்பவளைப் போல, "இப்ப நான் தொடலாமில்லம்மா?" என்றாள்.

குத்திக்காட்டிக் கேட்டிருந்தால் எங்களுக்கு மனசு ஆறியிருக்கும். நானாக இருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் இறங்கி வந்து குனிந்து, அந்த அழுகலை இரண்டு கையாலும் அள்ளிக் குழியில் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினாள். அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கி, "அழுவாத, நீ இன்னா வேணும்னா செஞ்ச?" என்று கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் நடவில்லை. நாற்பது வயது ஆகும் முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

இப்போது பாண்டியில் மலர்க்கண்காட்சி வைக்கும்போதெல்லாம் தொட்டி தொட்டியாக டேலியா வருகிறது. தட்டகலத்துக்குப் பூத்து நிற்கிற அவற்றின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். யார் யாருடைய கை பட்டு வளர்ந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. வெள்ளிக்கிழமைகளில் என் பேத்தி ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து, "திரும்பு" என்று அதட்டி, என் நரைத்த கொண்டையில் செருகிவிடுகிறாள். தெருவில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. என் சிறுவயதிலிருந்து காணாமற்போனவற்றில் நான் வருத்தப்படாத ஒன்று, புருஷன் போனவள் பூவைத் தொடக் கூடாதென்ற அந்த வழக்கம்தான். எந்த நாளில் அது போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. சட்டமும் சண்டையும் இல்லாமல், யாரும் அழாமல், தானாகவே போயிருக்கிறது. இவ்வளவு சுலபமாகப் போகக் கூடிய ஒன்று, என் அக்கா உயிரோடு இருக்கும்போதே போயிருக்கலாம்.