திட்டில் வெட்டிய மடை

மழைக்காலத்தில் எங்களுக்கு உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மூன்று மாதமும் மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, சென்னையில் ஒரு ஃபிளாட்டில் பாத்திரம் கழுவப் போவேன். பத்து வருடமாக இதுதான். எனக்கு அந்த ஃபிளாட்டும் பிடிக்காது, நாத்தனாரையும் பிடிக்காது.

அதனால்தான் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழிவெளியின் நடுவில் இருக்கும் மண் திட்டில் சுற்றுலாக் குடில் கட்டப்போகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் வந்தபோது முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் குடில் என்று போர்டில் எழுதியிருந்தது. மழைக்காலத்திலும் விருந்தாளிகள் வருவார்கள், நடத்துவது உப்பளப் பெண்கள் பத்துப் பேர். ஊரை விட்டுப் போக வேண்டாம் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

குடில்களை முழங்கால் உயரக் கம்பங்களின்மேல் நிறுத்தினார்கள். முற்றமும் சுற்றுக் கரையும் எங்கள் பொறுப்பு. உப்புப் பாத்தியை எப்படி மிதிப்போமோ அப்படியே, தோளில் கைபோட்டு வரிசையாக நின்று நான்கு நாள் மிதித்தோம். நிறுவனத்தின் இன்ஜினியர் பெண் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, சொட்டுத் தண்ணி இறங்காது" என்றாள். பிறகு, "மழைத் தண்ணி வெளிய போறதுக்கு ஒரு வழி மட்டும் வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படகேறினாள்.

வைத்தோம். உப்பளத்தில் மடை என்றால் உப்புத் தண்ணீரை உள்ளே விடுவதற்கு. கடல் ஏறும்போது தண்ணீர் முதலில் முட்டும் இடத்தில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வெட்டுவோம். இங்கேயும் அப்படியே வெட்டினோம். பத்துப் பேரில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. அழகான மடை என்று எல்லோருமே சொன்னோம்.

அனுமதி தருவதற்குமுன் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். அமாவாசைக்கு மறுநாள். மதியம் மழையும் கடலும் சேர்ந்து வந்தன. கடல் எங்கள் மடை வழியாக எந்தச் சிரமமும் இல்லாமல் உள்ளே வந்து, முற்றம் முழுவதும் ஒரே மட்டமாகப் பரவியது. தரை அவ்வளவு சமமாக இருந்தது. அடுப்பு அணைந்து, அதிகாரிக்காக வைத்த மீன் குழம்புச் சட்டி சமையல் கொட்டகையைச் சுற்றி மிதந்தது. அவர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு குடில் படியில் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்ததும் மண்வெட்டியை எடுத்துப் போய் மடையை அடைத்தேன். பாத்தியில் போதுமான அளவு தண்ணீர் வந்தால் அடைப்பது கைப்பழக்கம். யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் மழை விட்டது, கடல் இறங்கியது. முற்றத்தில் மட்டும் தண்ணீர் அப்படியே நின்றது.

"வெளிய வடிஞ்சிடுச்சு. இங்க ஏம்மா வடியல?" என்றார் அதிகாரி.

"அடைச்சிட்டேன் சார்."

"எதுக்கு?"

ஓடிப்போய் மடையைத் திறந்தேன். பாதி வடிவதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். குடில் உறுதியாக இருக்கிறது, ஆனால் மழைக்காலத்துக்கு உகந்ததல்ல. வெயில் காலத்தில் நடத்தலாம்.

"வெயில் காலத்துல நாங்க உப்பளத்துல இருப்போம் சார்" என்றேன்.

"மழைக் காலத்துல?"

"மெட்ராஸ்ல சார்."

தலையை ஆட்டிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

படகை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. மகள் என்னுடைய சென்னைப் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, வாசல் பக்கம் வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில், நாத்தனார் வீட்டுக்குப் போக அவளுடைய பையும் இருந்தது.